போட்டோவில் இருக்கும் பணம்

லாஸ் வேகாஸ்,
18 ஜூலை 2025

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுறது. நானும் மீனாவும் நல்லா இருக்கோம். அம்மாவுக்குக் கால்வீக்கம் வத்திருச்சா?

அத்தான் என் போட்டோவைத் தறிக்கூடத்துல எல்லாருக்கும் காட்டினாராமே. மாடி எடுக்க நான் எவ்வளவு அனுப்புவேன்னு அம்மா கேட்டாங்கன்னும் சொன்னே. போன்ல பேசினா சண்டையிலதான் முடியும். நீ நூல் கணக்கு எழுதுறவ, அதனால கணக்காவே எழுதிடுறேன்.

போட்டோவுல இருக்குற 38,000 டாலர் நிஜம்தான். 1,500 டாலர் கட்டி ஆடின போக்கர் சீட்டாட்டப் போட்டி, ஒன்பதாவதா வந்தேன். ஆனா அதுல பாதி என்னுது இல்லை. என் நுழைவுக் கட்டணத்துல பாதியை ரெண்டு சிநேகிதங்க போடுறாங்க, ஜெயிச்சா பாதி அவங்களுக்கு. மீதி 19,000. இந்தக் கோடையில ஆடினது 23 போட்டி, என் பங்குக்குக் கட்டினது 14,200. ஜனவரியிலேர்ந்து மே வரைக்கும் விட்டது 9,000. கூட்டிக் கழிச்சுப் பாரு, இன்னைத் தேதிக்கு 4,200 டாலர் நஷ்டத்துல நிக்கிறேன். வீட்டு வாடகை, ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் எல்லாம் மீனாவோட நர்ஸ் வேலையிலதான் ஓடுது.

அடுத்த வருஷத்துலேர்ந்து இன்னொரு கூத்து. ஜெயிச்சதுல தோத்ததை முழுசாக் கழிக்க முடியாது, 90 சதவீதம்தான்னு இந்த மாசம் சட்டம் போட்டுட்டாங்க. லட்சம் ஜெயிச்சு லட்சம் தோத்தவனும் 10,000 டாலர் லாபம்னு வரி கட்டணும்.

வேலை எப்படின்னு கேட்டே. வெளியே 44 டிகிரி வெயில், உள்ளே ஸ்வெட்டர் இல்லாம உக்கார முடியாத குளிர். நூத்துக்கணக்கான மேஜை. எல்லாரும் பந்தயம் கட்டுற வட்டச் சில்லுகளை விரலால தட்டிக்கிட்டே இருப்பாங்க, கண்ணை மூடினா நம்ம தெருவுல தறி ஓடுற மாதிரியே இருக்கும். பத்துப் பன்னிரண்டு மணி நேரம் உக்காந்து, வர்ற சீட்டுல பெரும்பாலானதைக் கீழே போடுறதுதான் வேலை. இடைவேளையில டப்பாவைத் திறந்து தயிர்சாதம். போன வாரம் பக்கத்துல இருந்த தாத்தா மாவடுவை வாங்கிக் கடிச்சுட்டு, கண்ணுல தண்ணி வர இன்னொண்ணு கேட்டாரு.

அன்னைக்கே ரெண்டு ஏஸ் கையில இருக்க, இருந்த சில்லு முழுக்க நடுவுல தள்ளினேன். எதிராளிகிட்ட ரெண்டு ராஜா. நூத்துக்கு எண்பது தடவை நான் ஜெயிக்கணும். மேஜை நடுவுல எல்லாருக்கும் பொதுவாத் திறக்குற கடைசிச் சீட்டு ராஜா, அவனுக்கு மூணு ராஜா ஆயிடுச்சு, நான் அவுட்டு. நான் பையை எடுக்குறதுக்குள்ள என் நாற்காலியில வேற ஆள் உக்காந்துட்டான்.

முந்தாநாள் போக்கர் உலகத் தொடரோட பெரிய போட்டி முடிஞ்சுது. கட்டணம் 10,000 டாலர், நான் ஆடலை. 9,735 பேர் ஆடினாங்க, முதல் பரிசு ஒரு கோடி டாலர். 2003-ல ஒரு கணக்குப்பிள்ளை இதை ஜெயிச்சான், பேரே மணிமேக்கர், சத்தியமா. அந்த வருஷம் ஆடினது 839 பேர், அவனைப் பாத்துட்டு மறுவருஷம் 2,576 பேர் கிளம்பி வந்தாங்க. நானும் அந்த ஆசையில வந்தவன்தானே. ஆனா இங்க பழைய ஆளுங்க பேசுறது ஸ்டூ உங்கரைப் பத்தி. 1980, 81, 97-ன்னு மூணு தடவை ஜெயிச்ச மேதை. போதைப் பழக்கம். மறுவருஷமே இதே ஊர்ல ஒரு மோட்டல் அறையில செத்துக் கிடந்தாரு, வயசு 45.

அப்பா மாதிரியே ஆயிட்டியேன்னு நீ கேட்டது ராத்திரி முழுக்க மனசுல ஓடுச்சு. அப்பா எவ்வளவு விட்டார்னு அவருக்கே தெரியாது, அம்மா சங்கிலி அடகுக்குப் போனப்பதான் நமக்கும் தெரிஞ்சுது. நான் ஒரு டாலரைக்கூட எழுதாம விட்டதில்லை. ரெண்டும் ஒண்ணு இல்லைன்னு சொல்லத்தான் ஆசை. இந்த 4,200-ஐ எழுதுறப்ப அவ்வளவு உறுதியாச் சொல்ல வாய் வரலை. டிசம்பர் வரைக்கும் பாத்துட்டு, அப்பவும் மேலே வரலைன்னா பழைய கம்ப்யூட்டர் வேலைக்கே போறதா மீனாகிட்ட சொல்லியிருக்கேன்.

ஒண்ணாந்தேதி வழக்கமா வர்ற 300 டாலர் வரும். மாடி இப்ப வேண்டாம், கொத்தனாருக்கு முன்பணம் எதுவும் கொடுத்துடாதீங்க. ஆடித் தபசுக்கு வரமுடியாது. கோயிலுக்குப் போனா புத்துமண் வாங்கி அம்மா கால்ல பூசு. அத்தான்கிட்ட அந்தப் போட்டோவை மட்டும் அழிக்கச் சொல்லு.

இப்படிக்கு,
உன் தம்பி