கை தட்டிய இரவுகளுக்கு நன்றி

வட்டுவாகல், வற்றாப்பளை, முள்ளியவளை, ஒட்டுசுட்டான் உறவுகளுக்கு வணக்கம்.

எங்கள் படத்தின் கடைசிக் காட்சியையும் எடுத்து முடித்து, வண்டில்களையும் மாடுகளையும் உரியவர்களிடம் ஒப்படைத்துவிட்டோம். திரையில் பெயர்கள் ஓடத் தொடங்கியதும் எழுந்து போகிறவர்களே அதிகம். ஆகவே நன்றியை இங்கே எழுதுகிறேன்.

1803ஆம் ஆண்டுக் கதை அது. ஒல்லாந்தரிடமிருந்த இலங்கைக் கரையோரங்களை 1795இலும் 1796இலும் பிரிட்டிஷார் பிடித்துக்கொண்டார்கள். 1803 ஜூனில் கண்டியில் அவர்களுடைய படை சரணடைந்தது. ஆகஸ்ட் 25ஆம் திகதி வன்னியை ஆண்ட பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றினான். இவை வரலாறு. அதற்கு முந்திய இரவுகளில், கருவாடு நிறைத்த பனையோலை உமல்களுக்கு அடியில் வெடியுப்பையும் கந்தகத்தையும் ஒளித்துக் கரைசேர்க்கும் தோணிக்காரனும் அவனுடைய மருமகனும் எங்கள் கற்பனை.

அந்தக் கற்பனையை நம்பும்படி செய்தவர் முல்லைத்தீவுக் கரைவலைச் சம்மாட்டியார் ஐயா. கார்த்திகை மாதத்து முழுநிலவில் தோணி கரைதட்டுவதாக நான் எழுதியிருந்தேன். பிரதியைக் கேட்டு முடித்துவிட்டு அவர் இரண்டு கேள்விகள்தான் கேட்டார். வாடைக் காற்றில் கொந்தளிக்கும் கடலில் இந்தக் கரையில் எந்தத் தோணி இறங்கும்? நிலவு காயும் இரவில் எந்தக் கடத்தல்காரன் வருவான்? அன்றிரவே கதையைச் சோளகக் காற்றுக்கும் ஆடி அமாவாசை இருட்டுக்கும் மாற்றினேன். கோட்டை விழுந்த நாளுக்கு அதுவே பொருந்தியும் வந்தது. ஒரு வருடம் நூலகத்தில் இருந்தும் எனக்குப் பிடிபடாதது அது. உமல்களை இழைத்துத் தந்த அவருடைய வீட்டு அம்மாவுக்கும் என் நன்றி. கடையில் வாங்கிய பைகளை அவர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

கற்சிலைமடுவுக்கு எங்களை அழைத்துப் போனவர் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். 1803 ஒக்டோபர் 31 அன்று கப்டன் வொன் டிறிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தான் என்று ஆங்கிலத்தில் பொறித்த நடுகல்லின் ஊர் அது. என் பிரதியில் பண்டாரவன்னியன் அங்கேயே உயிர்விட்டான். கல்லில் தோல்வி என்றுதான் இருக்கிறது, மரணம் என்று இல்லையே, தம்பி, என்றார் ஆசிரியர். படம் இப்போது காட்டுக்குள் நடந்து மறையும் ஓர் உருவத்தோடு முடிகிறது. அந்த முடிவு அவருடையது.

காடு என்றதும் கண்ணிவெடி அகற்றும் சகோதரிகளை நினைக்கிறேன். நாங்கள் விரும்பிய பாலை மரத்தடியை விட்டு வேறிடம் போகச் சொன்னார்கள். மறுபேச்சில்லாமல் போனோம். வெயிலில் முழங்காலில் இருந்து ஒவ்வொரு சாணாக மண்ணைத் தடவுகிறவர்கள் காட்டிய பாதையில்தான் எங்கள் 40 பேரும் நடந்தோம்.

முள்ளியவளைத் தச்சாசாரியார் மரத்துவக்குகள் செய்யச் சம்மதிக்கவே ஒரு மாதம் எடுத்தது. மீள்குடியேறிய நாள் முதல் கதவும் யன்னலும் செய்துகொண்டிருந்த கை அது. சம்மதித்த பிறகு முதிரையில்தான் செய்வேன் என்றார். தோளை அழுத்தும் பாரம் இருந்தால்தான் நடை சரியாக வரும் என்பது அவர் கணக்கு. ஒரு துவக்கும் சிறுவர்கள் கையில் சிக்கக் கூடாது என்று நிபந்தனையும் வைத்தார். பொழுதுபட்டதும் வந்து, 23 துவக்குகளையும் தானே எண்ணிப் பெட்டியில் பூட்டிய பிறகுதான் தேநீரைக் கையில் எடுப்பார்.

அனுமதிகள் தந்த அலுவலர்களுக்கும், குரக்கன் பிட்டும் மீன்குழம்பும் சமைத்துத் தந்த மாதர் சங்கத்தினருக்கும் எங்கள் அன்பு.

இனி, நந்திக்கடலோரத்து அம்மா ஒருவருக்கு.

படப்பிடிப்புக்கு ஒரு கிழமை முன்னர் நந்திக்கடலோரத்தில் வீடு வீடாகப் போய், வெடிச்சத்தம் கேட்கும், பயப்பட வேண்டாம் என்று சொன்னோம். 2009இல் அந்தக் கரையைக் கடந்து வந்தவர்களிடம் அப்படிச் சொல்ல எனக்கு நாக்கூசியது. எல்லோரும் தலையசைத்தார்கள். ஓர் அம்மா மட்டும் படலைவரை கூடவே வந்து, பகலில் வெடியுங்கள் மகன், இரவில் வேண்டாம், என்றார். காரணம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

எங்கள் கதையோ முழுக்க இரவில் நடப்பது. ஆனாலும் இருட்டிய பிறகு ஒரு வெடிகூட வெடிக்கவில்லை. உதவி இயக்குநர் கை தட்டினால் துவக்கு சுட்டதாகக் கணக்கு. இரண்டு தட்டினால் பீரங்கி. நடிகர்கள் அந்தக் கைச்சத்தத்துக்கே நிலத்தில் விழுந்தார்கள். வற்றாப்பளை அம்மன் கோயில் வைகாசிப் பொங்கலுக்குக் கடல்நீரில் விளக்கெரியும் நாள்களிலும், மே மாதம் முழுவதிலும் அந்தக் கைதட்டலும் இல்லை. துவக்குச் சத்தங்களையெல்லாம் பின்னர் ஒலிப்பதிவுக் கூடத்தில் சேர்த்தோம். மூன்றாம் இரவு அந்த அம்மாவே ஒரு கேத்தில் நிறைய இஞ்சித் தேநீரோடு வந்து, கை தட்டுகிற பிள்ளைக்கு முதலில் கொடுங்கள் என்றார்.

அம்மா, முதற்காட்சி உங்கள் ஊர்ப் பொதுமண்டபத்தில், பகல் 2 மணிக்கு. யன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டுகிறோம். சத்தம் வரும் இடங்களை முன்கூட்டியே சொல்ல உங்கள் பக்கத்தில் நான் இருப்பேன். கதவோரக் கதிரை உங்களுக்கு. கதவைப் பூட்ட மாட்டோம்.