காற்றாடி ஏன் நிற்கிறது என்று கேட்ட தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

உன் கடிதம் கிடைத்தது. இன்ஜினியரிங் முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கிற நேரத்தில் எங்கள் சுற்றுச்சூழல் குழுவுக்கு ஏதாவது செய்ய வேண்டும், மரம் நடுவதில் ஆர்வமில்லை, மின்சாரக் கொள்கை பற்றிய ஆய்வுதான் வேண்டும் என்று எழுதியிருந்தாய். மரம் நடுகிறவர்கள் காதில் இது விழாமல் பார்த்துக்கொள். எங்களுக்கு டீ வாங்கித் தருவது அவர்கள்தான்.

உன் கடிதத்தில் எனக்குப் பிடித்தது ஒரே ஒரு வரி. பணகுடி வீட்டு மாடியிலிருந்து பார்த்தால், ஆடிக் காற்று அம்மியைத் தூக்குகிற நேரத்திலும் மின்சாரம் எடுக்கிற காற்றாலைக் காற்றாடிகள் சில சும்மா நிற்கின்றன, ஏன் என்று கேட்டிருந்தாய். அந்தக் கேள்வி இருக்கிறதே, அது போதும். மற்றதைச் சொல்லிக்கொடுத்துவிடலாம்.

ரிப்பேராக இருக்கலாம். இல்லையென்றால், நிறுத்தச் சொல்லி மேலிடத்திலிருந்து உத்தரவு வந்திருக்கலாம். இதற்கு 'பேக் டவுன்' என்று பெயர். விதிப்படி காற்று மின்சாரமும் சூரிய மின்சாரமும் 'மஸ்ட் ரன்'. அதாவது, கிரிட்டுக்கு, மின்சாரத்தைக் கொண்டுபோகும் கம்பி வலைப்பின்னலுக்கு, ஆபத்து என்றால் ஒழிய நிறுத்தக் கூடாது. ஆனால் அது உண்மையிலேயே ஆபத்தா, அல்லது வேறு மின்சாரம் அந்த நேரத்தில் மலிவாகக் கிடைத்ததா? தமிழ்நாட்டு சோலார் நிலையங்களை நிறுத்தியது பற்றிய ஒரு வழக்கில், 2021 ஆகஸ்டில் மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் இந்தக் கேள்விக்குள்தான் போனது. பாதுகாப்புக்காக இல்லாமல் நிறுத்தியதற்கு நஷ்டஈடு தர வேண்டும் என்றது. அப்படி ஒரு கேள்வி எழ வேண்டுமென்றால், எந்த நாளில் எந்த நேரத்தில் எவ்வளவு நிறுத்தினார்கள் என்று யாராவது உட்கார்ந்து எண்ணியிருக்க வேண்டும். மின்சாரக் கணக்கில் ஒரு நாள் என்பது 15 நிமிடத் துண்டுகளாக 96 துண்டு. எங்கள் வேலை பெரும்பாலும் இந்தத் துண்டுகளை எக்செல்லில் ஏற்றுவதுதான். அதிலும் பாதி கோப்பு, கோணலாக ஸ்கேன் செய்த பி.டி.எஃப். கண் வலிக்கும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

என் முதல் மாதத்தில் நடந்ததையும் சொல்கிறேன். நான் எழுதிய பத்துப் பக்க அறிக்கையில் மெகாவாட்டையும் யூனிட்டையும் ஒன்றாகக் கலந்துவிட்டிருந்தேன். மெகாவாட் என்பது இயந்திரத்தின் திறன்; யூனிட் என்பது அது உண்மையில் தந்த மின்சாரம். எங்களோடு வேலை செய்கிற ஓய்வுபெற்ற மின்வாரிய சார் ஒருவர் அதை வாங்கி, சிவப்புப் பென்சிலால் மூன்று இடத்தில் வட்டம் போட்டார். திட்டவில்லை. "ஏம்மா, உன் காற்றாடி வருஷத்துக்கு 8,760 மணி நேரமும் முழு வேகத்தில் சுத்துதா?" என்று மட்டும் கேட்டார். ஒரு மெகாவாட் அப்படிச் சுற்றினால் 87.6 லட்சம் யூனிட் வர வேண்டும். நம் ஊரில் காற்று சீசன் மே முதல் செப்டம்பர் வரை. மீதி மாதங்களில் காற்றாடி பாதி நேரம் வேடிக்கை பார்க்கும். அன்றிலிருந்து யாராவது மேடையில் 'இத்தனை மெகாவாட் சாதனை' என்றால், 'எத்தனை யூனிட்?' என்றுதான் மனசு கேட்கிறது.

கொள்கை ஆவணங்களையும் அப்படித்தான் படிக்க வேண்டும். தமிழ்நாட்டு அரசின் 2012 சூரிய ஆற்றல் கொள்கை, 2015க்குள் 3,000 மெகாவாட் என்றது. அது நடக்கவில்லை. 2019இல் வந்த அடுத்த கொள்கை, 2023க்குள் 9,000 மெகாவாட் என்றது. அதில் 40 சதவீதம் வீடு, கடை, ஆலை என்று நுகர்வோர் பக்கமிருந்து வர வேண்டும். 3,600 மெகாவாட்! நீ மாடியில் நிற்கும்போது சுற்றிப் பார், எத்தனை கூரையில் சோலார் பலகை தெரிகிறது என்று. பெரிய நிலையங்களுக்கு முதலீடு வந்துவிடுகிறது. வீட்டுக்காரருக்கு மீட்டர், அனுமதி, கட்டணம் என்று ஒவ்வொன்றிலும் ஒரு முடிச்சு. அந்த முடிச்சு எந்த உத்தரவின் எந்தப் பத்தியில் விழுந்தது என்று தேடுவதுதான் சுவாரஸ்யமே.

இன்னொன்றும் உண்டு, குழுவுக்குள்ளேயே சண்டை வரும் விஷயம். கமுதியில் 2016இல் வந்த 648 மெகாவாட் சோலார் நிலையம் சுமார் 2,500 ஏக்கர். கரி புகையவில்லை என்பதற்காக, ஆடு மேய்ந்த நிலத்தைக் கணக்கில் சேர்க்காமல் விடலாமா? கூடாது என்பது என் கட்சி. மாறாக, ஆரல்வாய்மொழிப் பக்கம் நல்ல காற்றுள்ள இடங்களில் 250 கிலோவாட் பழைய இயந்திரங்கள் இன்னும் உட்கார்ந்திருக்கின்றன. அதே இடத்தில் பெரியது ஒன்று வைத்தால் புது நிலமே அவ்வளவாகத் தேவைப்படாது. 2024இல் இதற்கென்று தனிக் கொள்கையே அரசு கொண்டுவந்தது. அதை வரிவரியாகப் படிக்கும் வேலையை உனக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன்.

மின்கட்டணத்தை நிர்ணயிக்கக் கேட்டு ஒழுங்குமுறை ஆணையத்துக்கு மனு வந்தால், யார் வேண்டுமானாலும் ஆட்சேபம் எழுதலாம். 2003 மின்சாரச் சட்டத்தின் 64ஆவது பிரிவு அதற்கு இடம் தருகிறது. கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு ஆலைக்காரர்கள் வக்கீலோடு வருவார்கள். பணகுடி மாடியிலிருந்து பார்த்தவன் யாரும் இதுவரை வந்து நான் பார்த்ததில்லை.

சம்பளம் கிடையாது, பஸ் காசு தருவோம். அடுத்த சனிக்கிழமை காலையில் வா. வரும்போது இரண்டு பொருள் வேண்டும்: நின்றுபோன காற்றாடிகளின் கோபுரத்தில் பெயின்ட்டால் எழுதியிருக்கும் சர்வீஸ் நம்பர், அப்புறம் உங்கள் வீட்டுக் கரண்ட் பில். பில்லிலிருந்து ஆரம்பிப்போம்.

அன்புடன்,
அக்கா