ஆண்டறிக்கை: கொயில் திருத்தமும் வார்ப்பும்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களுக்கும் அங்கத்தவர்களுக்கும் வணக்கம்.

இவ்வாண்டு எமது பட்டறை வேலையில் பெரும்பகுதி பற்றரி மின்னைப் பிளக்கின் ஸ்பாக்குக்கு வேண்டிய உயர் மின்னழுத்தமாக மாற்றும் இக்னிஷன் கொயில்களோடு கழிந்தது. மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ40, கேம்பிறிட்ஜ் கார்களின் கொயில்களே அதிகம் வந்தன. செத்துப்போச்சு என்று கொண்டுவந்தவற்றில் பல நல்ல கொயில்கள். பழுது, பொயின்ற் என்ற மின்தொடுப்பு திறக்கும்போது அதில் பொறி எழாமல் காக்கும் கொண்டென்சரில் இருந்தது. 0.2 மைக்ரோபரட் அளவுள்ள அந்தச் சின்ன உருளை கசியத் தொடங்கினால் பொயின்ற் கரியும், ஸ்பாக் மங்கும், பழி கொயிலுக்கு வரும். எனவே முதலில் கொண்டென்சரை மாற்றி, பொயின்ற் இடைவெளியை 0.015 அங்குலத்துக்கு வையுங்கள். மீற்றரை அதன்பிறகு எடுக்கலாம்.

12 வோல்ற் கொயிலின் பிரைமரி (பற்றரி மின் ஓடும் சுற்று) 3 ஓமுக்குச் சற்று மேலேயும், செக்கண்டரி (ஸ்பாக் தரும் சுற்று) பல ஆயிரம் ஓமும் காட்டவேண்டும். மாங்குளம் தாண்டியதும் நின்று, அரை மணித்தியாலம் ஆறியபின் ஸ்ராட் ஆகும் காரென்றால் கொயிலைச் சூட்டோடு அளந்து பாருங்கள். உள்ளே அறுந்த கம்பி, ஆறியதும் மறுபடி தொட்டுக்கொள்ளும். பொயின்ற் மூடியிருக்கையில் சாவியைத் திருப்பியபடி விட்டுவிட்டுப் போவதும் கொயிலைக் கொல்லும்: ஏறக்குறைய 4 அம்பியர் இடைவிடாமல் ஓடி, கொயிலுக்குள் இருக்கும் எண்ணெய் கொதித்து, மூடி வெடிக்கும்.

இந்தக் கார்களில் அநேகமானவை பொசிட்டிவ் ஏர்த், அதாவது பற்றரியின் சக (+) முனை கார் உடலோடு இணைந்தவை. புதுக் கொயிலின் சக முனை, பொயின்ற் இருக்கும் டிஸ்ரிபியூட்டருக்கும் சய (−) முனை சுவிச்சுக்கும் போகவேண்டும். மாற்றிப் பூட்டினாலும் கார் ஓடும், ஆனால் ஸ்பாக் பலவீனமாகும். மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய பொருளாதாரத் தடைக் காலம்போலக் கரி படிந்த பிளக் என்றால் அந்தக் குறை உடனே தெரியும்.

பழைய டப்பாவின் தோற்றத்தைக் காப்பாற்ற விரும்புவோருக்காக, அதற்குள் வேறு கொயிலை வைத்துப் பிசின் ஊற்றி இறுக்கும் வார்ப்பு வேலையும் செய்தோம். மேல்விளிம்பின் மடிப்பை அரத்தால் தேய்த்துத் திறந்து, எண்ணெயைக் கையுறையோடு வடித்து, பழைய சுற்றை எடுத்துவிட்டு, 3 ஓம் பிரைமரி உள்ள ஒடுங்கிய உலர் கொயிலை வைக்கிறோம். உட்சுவரைச் சுற்றியுள்ள இரும்புத் தகட்டை எறியவேண்டாம். காந்தப்புலம் திரும்பும் வழி அது.

ஊற்றுவதற்கு மெதுவாக இறுகும் எப்பொக்சியே சரி. பொலியெஸ்ரர் பிசின் சுருங்கிச் சுவரைவிட்டு விலகும். வினாகிரி மணக்கும் சிலிக்கன் செம்பை அரிக்கும். கீல் எங்கள் வெயிலுக்கு இளகும். எப்பொக்சியின் இரு பாகங்களையும் (பிசின், இறுக்கி) தராசில் நிறுத்துக் கலந்து, 1 சென்ரிமீற்றர் படைகளாக ஊற்றுங்கள். ஒரேயடியாக நிரப்பினால் தன் சூட்டிலேயே வெடிக்கும். வறுத்து ஆறவைத்த நுண்மணலைச் சேர்த்தால் சுருக்கமும் குறையும், சூடும் இலகுவாக வெளியேறும். காற்றுக் குமிழிகளே பெரும் எதிரி: ஒவ்வொரு குமிழியிலும் உயர் மின்னழுத்தம் சிறுகப் பொறிந்து காப்பைத் தின்னும்.

மாரியில் வார்ப்பு வேண்டாம். ஈரம் சுற்றுக்குள் அடைபட்டுவிடும். ஐப்பசிக்கு முன்னரே கொயில்களைத் தந்துவிடுங்கள்.

குமிழி உறிஞ்சும் தொட்டி அமைக்கப் பழைய பிரிட்ஜ் கொம்பிறசர் ஒன்றும் தடித்த மூடி ஒன்றும் வாங்க, வரும் ஆண்டின் வரவுசெலவில் பணம் ஒதுக்குமாறு சபையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்