அந்தப் படிகளில் ஓர் ஒப்பாரி

மொரீசியசின் தமிழ்க் கோயில் நிர்வாகிகளுக்கும் தமிழாசிரியர்களுக்கும் வணக்கம்.

ஒவ்வொரு நவம்பர் 2ஆம் தேதியும் போர்ட் லூயியில், ஒப்பந்தக் கூலிகள் வந்திறங்கிய துறையான ஆப்பிரவாசி காட் (Aapravasi Ghat) என்னும் இடத்தின் 16 படிகளுக்கு முன்னால் கூடுகிறோம். 1834இல் அட்லஸ் கப்பலில் வந்திறங்கியவர்களை நினைத்து மலர் வைக்கிறோம். நம் ஒப்பாரியை மட்டும் அங்கே நான் ஒருமுறையும் கேட்டதில்லை.

என் பாட்டிக்கு ஒன்று தெரிந்திருந்தது. கப்பலேறிப் போன அண்ணனைக் கடலிடம் திருப்பிக் கேட்கிற பாட்டு. தன் அம்மாவிடம் கேட்டுக் கற்றது. வீட்டில் நாங்கள் இத்தீவின் கிரியோல் மொழிதான் பேசுவோம். சாவு வீட்டில்தான் பாட்டியின் வாயில் தமிழ் பெருகும். பதிவு செய்துகொள்கிறேன் என்றபோது மறுத்துவிட்டார். பிணம் கிடக்காத வீட்டில் ஒப்பாரி வைத்தால் குடும்பத்துக்கு ஆகாதாம். இரண்டு ஆண்டுகள் கெஞ்சினேன். கடைசியில் அவரே, "வீட்டில் வேண்டாம், கடற்கரைக்குக் கூட்டிப் போ" என்றார்.

பெல் மார் கடற்கரையில் பொழுது சாயும் நேரம். மணலில் காலை நீட்டி உட்கார்ந்து, முந்தானையை வாயருகே பிடித்தபடி ஐந்து நிமிடம் பாடினார். பவளத்திட்டுக்கு அப்பால் அலை இரைந்துகொண்டிருந்தது. பாதி அடிகளைக் காற்று கொண்டுபோயிற்று. சில சொற்களுக்குப் பொருள் அவருக்கே தெரியவில்லை.

ஒப்பாரி அமங்கலம் என்று உங்களில் சிலர் சொல்வீர்கள். பாட்டிக்கும் இருந்த அச்சம்தான், மதிக்கிறேன். ஆனால் கடற்கரையான நெய்தலுக்கு நம் முன்னோர் வகுத்த உரிப்பொருளே இரங்கல், பொழுது எற்பாடு, அதாவது பொழுது சாயும் நேரம். சாவு வீட்டுப் பறையையும் சங்கப் புலவர் நெய்தல் என்றே அழைத்தார். கடலைப் பார்த்து அழுவது நமக்கு அவ்வளவு பழைய வழக்கம்.

2014இல் இத்தீவின் பாட்டும் ஆட்டமுமான செகாவும் 2016இல் போஜ்புரிக் கல்யாணப் பாட்டான கீத் கவாயும் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியபோது மனமார மகிழ்ந்தேன். நம் பாட்டிமாரின் பாட்டை யார் எழுதிவைத்தோம்? மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கும் குடியேற்றப் பதிவேடுகளைப் புரட்டினால் வந்தவரின் எண்ணும் பெயரும் கப்பலும் கிடைக்கும். அவரை அனுப்பிவிட்டுக் கரையில் நின்றவள் என்ன சொல்லி அழுதாள் என்பது எந்த ஏட்டில் இருக்கிறது?

ஒப்பாரி தெரிந்த மூதாட்டிகள் யார் யார் என்று ஒவ்வொரு கோயிலும் இந்த ஆண்டே தன் ஊரில் விசாரிக்க வேண்டும். ஆசிரியர்கள் நேரில் போய்ப் பதிவு செய்ய வேண்டும். கோயிலுக்குள் கூடாதென்றால் கடற்கரை இருக்கிறது. வரும் நவம்பரில் அந்தப் படிகளில், மலர் வைப்பதற்கு முன், ஒரே ஓர் ஒப்பாரிக்கு இடம் கொடுங்கள்.

பாட்டி சென்ற ஆண்டு இறந்துவிட்டார். அவருக்கு ஒப்பாரி வைக்க வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. செல்பேசியில் இருந்த அந்த ஐந்து நிமிடத்தைத்தான் தலைமாட்டில் ஒலிக்கவிட்டோம். பதிவு என்னிடம் இருக்கிறது. எங்கே கொண்டுவந்து தர வேண்டும் என்று சொல்லுங்கள்.