முறுக்கு டின்னும் மலிவு டிக்கெட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன தை மாதம் மகனைப் பார்க்கத் திருச்சியிலிருந்து மலிவு விமானத்தில் சிங்கப்பூர் போனேன். டிக்கெட் 5,200 ரூபாய்தான். ஆனால் முறுக்கு டின், வடகம், நார்த்தங்காய் எல்லாம் சேர்ந்து கைப்பை 11 கிலோ. 7 கிலோதான் அனுமதி என்று சொல்லி, கவுண்டரில் 3,800 ரூபாய் வாங்கிவிட்டார்கள். குடிக்கிற தண்ணீருக்கும் காசு. கோபம் வந்தது. அப்புறம் யோசித்தால், மலிவு விமான நிறுவனங்களின் பிழைப்பே இப்படித் தனித்தனியாக வாங்கும் காசில்தான் இருக்கிறது.

எங்கள் பக்கம் அறுப்புக்கு வரும் மிஷின் மாதிரிதான் விமானமும். ஓடினால்தான் காசு, நின்றால் தவணை கழுத்தைப் பிடிக்கும். அதனால்தான் இறங்கிய அரை மணியில் மறுபடி கிளப்புகிறார்கள். ஆனால் எரிபொருள் விலையும் டாலரில் கட்டும் விமானக் குத்தகையும் அவர்கள் கையில் இல்லையே. விமான எரிபொருள் இன்னும் ஜிஎஸ்டிக்குள்கூட வரவில்லை, அதற்கு வரி தனி.

இதனால் தடுமாறிய விமான நிறுவனங்கள் பல. 2003-இல் தொடங்கிய ஏர் டெக்கான் ஒரு ரூபாய்க்கெல்லாம் டிக்கெட் விற்றது. 2008-இல் கிங்ஃபிஷர் விமான நிறுவனத்தோடு கலந்தது; 2012-இல் கிங்ஃபிஷரும் நின்றது. நம் நாட்டு கோ ஃபர்ஸ்ட் விமானங்கள் பறந்ததும் 2023 மே மாதத்தோடு சரி. அமெரிக்காவின் மலிவு விமான நிறுவனம் ஸ்பிரிட் 2024 நவம்பரில் திவால் மனு போட்டது, 2025 ஆகஸ்டில் மறுபடியும்.

கட்டணத்தைக் கொஞ்சம் கூட்டட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. மூட்டைக்கும் இருக்கைக்கும் சேர்த்து மொத்தத் தொகையை முதலிலேயே காட்டச் சொல்லுங்கள். அடுத்த முறை முறுக்கு வேண்டாம் என்றேன், வீட்டில் ஒப்புக்கொள்ளவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கூட்டுறவுச் சங்க எழுத்தர்,
நீடாமங்கலம்.