படிக்கட்டில் அமர்ந்து என் பேச்சைக் கேட்ட மாணவிக்கு

அன்புடையீர், வணக்கம்.

மேல்நிலை வகுப்பு மாணவர்களுக்கான வரலாற்றுப் பேச்சுப் போட்டியில் கல்வி உதவித்தொகை எனக்குக் கிடைத்திருக்கிறது என்ற செய்தி உறுதியாகிவிட்டது. மகிழ்ச்சியின் படபடப்பு அடங்குவதற்குள் இந்த மடலை எழுதிவிட வேண்டும் என்று அமர்ந்திருக்கிறேன். இறுதிச் சுற்றுக்கு முந்தைய வாரம் எங்கள் குடும்பம் எதைக் கடந்து வந்தது என்பதை இதைப் படிக்கும் பெரும்பாலோர் அறிவீர்கள். அதை மறுபடியும் விவரிக்கும் தெம்பு எனக்கு இல்லை; அப்பா நலமாக வீடு திரும்பிவிட்டார் என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

இரவில் எங்களுக்குத் துணையாக மருத்துவமனையில் தங்கிய உறவினர்களுக்கும், நான் தவறவிட்ட பாடங்களைத் தம் கையால் எழுதிக் கொடுத்த வகுப்புத் தோழிகளுக்கும், விலகிக்கொள்ளட்டுமா என்று நான் கேட்டபோது "பெயரை நீக்க மாட்டேன், போய்ப் பேசிவிட்டு வா" என்று சொன்ன எங்கள் வரலாற்று ஆசிரியைக்கும், குறிப்பு நூல்களைத் தவணை கடந்தும் என்னிடமே இருக்கவிட்ட நூலகருக்கும், தாமதமாக வந்த என் எழுத்துப் பிரதியை ஏற்றுக்கொண்ட ஒருங்கிணைப்பாளர்களுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. உங்களில் ஒருவர் கை கொடுக்காமல் போயிருந்தாலும் நான் அந்த மேடை வரை வந்திருக்க மாட்டேன்.

ஆயினும் இந்த மடலின் பெரும்பகுதி, எனக்கு எதிராகப் போட்டியிட்ட ஒரு மாணவிக்கு உரியது. தம் பெயரை எழுத வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் பெயரின்றியே எழுதுகிறேன்.

இறுதிச் சுற்று நாளன்று பேசும் வரிசையைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்தார்கள். அவருக்கு முற்பகுதியிலும் எனக்குக் கடைசிப் பகுதியிலும் இடம் கிடைத்தது. அவர் உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைப் பற்றிப் பேசினார். முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட அந்தக் கல்வெட்டுகளை, பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு ஊர்ச் சபைக்கு ஆள் தேர்ந்தெடுத்த குடவோலை முறையின் பெருமைக்காகவே எல்லோரும் மேற்கோள் காட்டுவோம். அவரோ, 35 வயதுக்கு மேல் 70 வயதுக்குள் இருக்க வேண்டும், வரி செலுத்தும் கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேற்பட்ட நிலமும் சொந்த மனையில் கட்டிய வீடும் வேண்டும் என்ற நிபந்தனைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லி, அந்தக் குடத்துக்குள் யாருடைய பெயர்கள் விழவே வாய்ப்பில்லை என்று கேட்டார். முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாத ஒருவரை மட்டுமின்றி அவருடைய நெருங்கிய உறவினரையும் தகுதியற்றவராக்கிய விதியை அதே நேர்மையோடு பாராட்டவும் செய்தார். பெருமையையும் குறையையும் ஒரே மூச்சில் சொல்லும் துணிவு எங்கள் வயதில் பலருக்கு வராது. அன்று அரங்கில் ஒலித்த பேச்சுகளில் மிகச் சிறந்தது அவருடையது என்பதே இன்றும் என் கருத்து.

தம் முறை முடிந்ததும் அவர் உள்ளே அமர்ந்து மற்றவர்களுடைய பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கலாம். நான் அரங்கின் பின்புறப் படிக்கட்டில் தாள்களை விரித்து வைத்துக்கொண்டு, ஒரு வரியும் நினைவில் நிற்காமல் திணறிக்கொண்டிருந்ததைப் பார்த்து வெளியே வந்தார். "யாராவது கேட்டால்தான் வரும், எனக்குச் சொல்லிக் காட்டு" என்று சொல்லிவிட்டு, தம் கைக்கடிகாரத்தைக் கழற்றி எங்கள் இருவருக்கும் நடுவே படியில் வைத்தார். ஒவ்வொரு நிமிடம் முடியும்போதும் ஒரு விரலை உயர்த்திக் காட்டினார். நான் தடுமாறிய இடங்களில் அடுத்த சொல்லை எடுத்துக் கொடுக்காமல், நானே கண்டுபிடிக்கும் வரை பொறுமையாகக் காத்திருந்தார்.

என் தலைப்பு 1806ஆம் ஆண்டு ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் இந்தியச் சிப்பாய்கள் ஆங்கிலேயருக்கு எதிராக எழுந்த வேலூர்ப் புரட்சி. தோல் பதித்த புதிய தலைப்பாகையை அணியச் சொன்ன ஆணை, நெற்றிக் குறிக்கும் காதணிக்கும் விதித்த தடை, கோட்டைக்குள் காவலில் இருந்த திப்பு சுல்தானின் குடும்பம், ஆற்காட்டிலிருந்து குதிரைப் படையோடு விரைந்து வந்த ஆங்கிலேய அதிகாரி கில்லெஸ்பி, பின்னர் திருப்பி அழைக்கப்பட்ட ஆளுநர் பென்டிங்க், தளபதி கிரடாக் என்று எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கியிருந்தேன். முழுவதையும் கேட்ட பிறகு அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இறந்தவர்கள் எத்தனை பேர்?"

ஆங்கிலேயர் தரப்பில் 14 அதிகாரிகளும் 69ஆம் படைப்பிரிவைச் சேர்ந்த 115 பேரும் என்று உடனே சொன்னேன். சிப்பாய்கள் எத்தனை பேர் என்று கேட்டார். ஒரு நூலில் ஏறக்குறைய 350 என்றும் இன்னொன்றில் 800 என்றும் இருப்பதால், நடுவர்கள் அதைப் பிடித்துக்கொள்வார்களோ என்று அஞ்சி அந்தப் பகுதியையே விட்டுவிட்டதாகச் சொன்னேன். அவர் சிறிது நேரம் யோசித்துவிட்டு, "இரண்டு எண்ணையும் சொல். ஒரு தரப்பை அதிகாரி இத்தனை, வீரர் இத்தனை என்று பிரித்து எழுதியிருக்கிறார்கள். இன்னொரு தரப்பில் நானூறு ஐந்நூறு உயிர்கள் கணக்கில் கூடுகின்றன, குறைகின்றன. நீ பேச வேண்டியதே அதுதானே?" என்றார்.

கோட்டைக்குள் இருந்த அரண்மனையில் அடைக்கலம் புகுந்த சுமார் நூறு சிப்பாய்களை வெளியே இழுத்துவந்து சுவரோரம் நிறுத்திச் சுட்டுக் கொன்றதை நான் பலமுறை படித்திருக்கிறேன். "சுமார்" என்ற அந்தச் சொல்லை எவ்வளவு எளிதாகக் கடந்து வந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. தலைப்பாகைப் பத்தியைச் சுருக்கினோம், முடிவுரையை மாற்றினோம். புதிய முடிவுரையை அவர் தம் பென்சிலால் என் தாளின் விளிம்பில் எழுத முற்பட்டு, பாதியில் நிறுத்தி, "வேண்டாம், உன் வாக்கியமாக இருக்கட்டும்" என்று பென்சிலை என்னிடம் கொடுத்தார். பேசத் தெரிந்த ஒருவருக்கு இன்னொருவருடைய வாக்கியத்தைத் திருத்தாமல் இருப்பது எவ்வளவு கடினம் என்பதை மேடையேறிப் பழகியவர்கள் அறிவார்கள்.

நடுவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகள் வேறு. ஆனால் நான் அன்று குரல் நடுங்காமல் நின்றதற்குக் காரணம் அந்த முடிவுரைதான். முதன்முறையாக நான் மனப்பாடம் செய்ததை ஒப்பிக்காமல், நம்பியதைப் பேசினேன். முடிவு அறிவிக்கப்பட்டபோது உதவித்தொகை எனக்கும் பங்கேற்புச் சான்றிதழ் அவருக்கும் என்று ஆயிற்று. அந்தத் தொகை அவருடைய குடும்பத்துக்கும் தேவையானது என்பதை அன்று மாலை அவருடைய தாயாருடன் நான் பேசிக்கொண்டிருந்தபோது அறிந்தேன். அதன் பிறகும் அவர் முகத்தில் சிறு வருத்தமும் இல்லை. "என் பேச்சை நான் நன்றாகவே பேசினேன்" என்று நிமிர்ந்து சொன்னார். அது முழு உண்மை.

போட்டி என்றாலே பக்கத்தில் இருப்பவர் வழுக்கி விழுவதை எதிர்பார்த்து நிற்பது என்றுதான் நான் நினைத்திருந்தேன். வரலாற்றின் மேல் மெய்யான பற்று உள்ளவருக்கு, தாம் அறிந்த ஒரு நிகழ்ச்சி இன்னொருவர் வாயால் சரியாகச் சொல்லப்படுவதும் தம் வெற்றியைப் போன்றதே என்பதை அவரிடம் பார்த்தேன். கல்லூரியில் வரலாறு படிக்க முடிவு செய்திருக்கிறேன். சிப்பாய்களின் பெயர்ப் பட்டியல்களும் விசாரணைக் குறிப்புகளும் எங்கெல்லாம் மிஞ்சியிருக்கின்றனவோ அவற்றைத் தேடிப் படிப்பேன் என்று இங்கே எழுத்தில் உறுதி கூறுகிறேன். அடுத்த ஆண்டு இந்தப் போட்டிக்குத் தயாராகும் மாணவர் எந்தப் பள்ளியைச் சேர்ந்தவராக இருந்தாலும், பேச்சைச் சொல்லிக் காட்ட ஆள் இல்லை என்றால் என்னை அழைக்கலாம். வந்து அமர்ந்து கேட்பேன்.

ஒருங்கிணைப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோளும் உண்டு. பரிசு பெற்ற பேச்சை மட்டும் அச்சிடுவதாக அறிவித்திருக்கிறீர்கள். இறுதிச் சுற்றில் பேசிய அனைவருடைய பேச்சுகளையும், அவரவர் சம்மதத்துடன், ஒரே தொகுப்பாக வெளியிட்டுப் பள்ளி நூலகங்களுக்கு அனுப்புங்கள். அதில் உத்திரமேரூர்ப் பேச்சு முதலில் இடம்பெற வேண்டும் என்பது என் விருப்பம். தட்டச்சு செய்வதையும் பிழை திருத்துவதையும் நான் பொறுப்பேற்றுச் செய்து தருகிறேன்.

நன்றியுடன்,
வேலூர்ப் புரட்சியைப் பற்றிப் பேசிய மாணவி