காட்டுப்பாதைக்கு என்னை அனுப்பி வைத்தவர்களுக்கு

காரைதீவு, மாளிகைக்காடு, கல்முனை உறவுகளுக்கு வணக்கம்.

தனியே இருக்கும் முதியவர்களுக்கு மதியச் சோற்றுப் பார்சல் கொடுத்து வருவது உங்களுக்குத் தெரியும். 2024 நவம்பர் வெள்ளத்தோடு வேலை கூடிவிட்டது. வெள்ளம் வடிந்த பிறகும் கேட்டு வந்தவர்களுக்கு இல்லையென்று சொல்ல மனம் வரவில்லை. கதிர்காமம் முருகன் கோயில் ஆடிவேல் திருவிழாக் காலம் நெருங்கியபோது எனக்கு நித்திரையும் இல்லை, யார் பேசினாலும் எரிச்சல். கதிர்காமத்துக்கு ஒருமுறை நடந்து போய்வந்தால் நல்லது என்று வாய்விட்டேன்.

பொதுவேலை செய்கிறவள் களைத்துப்போனேன் என்றால் ஊர் ஒரு மாதிரித்தான் பார்க்கும். சமையல் மாமி அப்படிப் பார்க்கவில்லை. "நம்மட விபுலாநந்த அடிகளும் இமயமலைப் பக்கம் மாயாவதி ஆசிரமத்தில் போய் இருந்தவர்தானே, நீ போனால் என்ன?" என்று அகப்பையைப் பிடுங்கிக்கொண்டார். அடிகளார் அங்கே போயும் பத்திரிகை ஆசிரியர் வேலைதான் பார்த்தார் என்பதை நான் சொல்லவில்லை.

மாமிக்கு முதல் நன்றி. மாளிகைக்காட்டு நானா, நான் இல்லாதபோதும் மீன் தவறாமல் வந்ததாம். வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆவுக்கு முன்னமே கொண்டுவந்து தந்தீர்களாம். ஓட்டோத் தம்பிக்கும் விளையாட்டுக் கழகப் பிள்ளைகளுக்கும் நன்றி. கல்முனை மருந்துக்கடை அக்கா சீனி வருத்தக்காரரின் குளிசைகளைப் பார்சலோடேயே அனுப்பியிருக்கிறார். இத்தனை காலமும் எனக்கு வராத யோசனை அது.

இவற்றையெல்லாம்விடப் பெரிய உதவி, ஒருவரும் எனக்குக் கோல் எடுக்காமல் இருந்ததுதான். இடையில் காஸ் முடிந்ததும், ஒரு ஐயாவை ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் திரும்பி வந்த பிறகே தெரியும். அதில் ஒன்று காதில் விழுந்திருந்தாலும் பொத்துவிலில் பஸ் ஏறியிருப்பேன். உகந்தை தாண்டிக் குமனைக் காட்டுக்குள் இறங்கினால், மறுகா சிக்னல் ஏது? அங்கே எல்லோரும் எல்லோருக்கும் 'சாமி'தான். எந்த ஊர், என்ன வேலை என்று யாரும் துருவுவதில்லை. குமுக்கன் ஆறு கடந்த பிறகு என் காலில் ஏறிய முள்ளை எடுத்துவிட்டவர் ஒரு வயதான சாமி. சோறு கொடுத்தே பழகிய எனக்கு, இன்னொருவர் வார்க்கிற கஞ்சியைக் கூச்சமில்லாமல் வாங்கிக் குடிக்கக் கொஞ்சம் நாள் பிடித்தது. நடக்கும்போது முதலில் பார்சல் கணக்குத்தான் மனதில் ஓடியது. பிறகு அதுவும் நின்றுவிட்டது. நெடுநாளைக்கு முன் இறந்துபோன அம்மாவை ஆற அமர நினைத்துப் பார்க்க அப்போதுதான் நேரம் வாய்த்தது.

வந்து பார்த்தால் பார்சல் கொடுக்கும் வரிசையையே மாற்றியிருக்கிறீர்கள். கடற்கரைப் பக்கம் முதலில் போவதால் வேலை நேரத்தோடு முடிகிறது. சரி, எனக்குக் கொஞ்சம் குத்தத்தான் செய்தது. ஆனாலும் புது வரிசையே இருக்கட்டும்.

இனிச் செவ்வாய்க்கிழமை எனக்கு லீவு என்று மாமி சொல்லிவிட்டார். அன்றைக்குப் பார்சல், மருந்து எதுவானாலும் ஓட்டோத் தம்பியிடம் கேளுங்கள். அடுத்த ஆடிவேலுக்கு மாமி நடக்கப் போகிறாராம். சமையலுக்கு ஆள் வேண்டும், விருப்பமுள்ளவர்கள் இப்போதே பெயர் தாருங்கள்.